தேக்கு கப்பலுக்கு தேக்கு ஆகாது

வணக்கம் நேயர்களே. மாடல் கப்பல் செய்யறத பத்தி பேச கூப்பிட்டாங்க, நான் மூணு வருஷமா செஞ்சிட்டிருக்கற ஒரே கப்பல வச்சே சொல்லிடறேன். பேரு ட்ரிங்கோமலி, ஆமா, நம்ம திருகோணமலை பேருதான். 1817ல பிரிட்டிஷ் கடற்படைக்காக பம்பாய்ல ஜம்ஸெட்ஜி பொமன்ஜி வாடியா மேற்பார்வையில கட்டினது, இன்னைக்கும் இங்கிலாந்துல ஹார்ட்டில்பூல்ல தண்ணில மிதக்குது. மொதல்ல அனுப்பின வரைபடம் 1812ல போர்ல அழிஞ்ச ஒரு கப்பலோடவே போயிடுச்சு, மறுபடி வரைஞ்சு அனுப்பினாங்க.

இத்தன வருஷம் தாங்கினதுக்கு காரணம் தேக்கு. அதனால நானும் தேக்குலதான் செய்யணும்னு பிடிவாதமா இருந்தேன், மரக்கடையில துண்டு தேக்கு வாங்கி மெல்லிசா சீவி ஒரு பக்கம் முழுக்க பலகை ஒட்டிட்டேன். தள்ளி நின்னு பாத்தா மனசு உடைஞ்சு போச்சு. நிஜக்கப்பல் 150 அடி, என்னோடது 64ல ஒரு பங்கு, 28 இன்ச்தான், ஆனா மரத்தோட ரேகை மட்டும் சின்னதாகலையே! ஒவ்வொரு கோடும் நிஜத்துல கயிறு தடிமன் இருக்கற மாதிரி தெரிஞ்சுது. எல்லாத்தையும் பிரிச்சுட்டு ரேகையே தெரியாத பேரிக்கா மரத்துக்கு மாறினேன், பலகைய தண்ணில ஊறவச்சு சூடு காட்டி வளைச்சேன்.

நூலும் அப்படித்தான். தையல் நூல்ல நிக்கற பிசிறு இந்த அளவுல கம்பளி மாதிரி தெரியும், அதனால தேன்மெழுகுல இழுத்து இழுத்து படிய வைக்கணும். பாய்மரத்த ரெண்டு பக்கமும் பிடிச்சு நிக்கற கயிறுங்க ஷ்ரௌட், அதுக்கு குறுக்க ஏணிப்படி மாதிரி கட்டறது ராட்லைன். படிக்கு படி அஞ்சு மில்லிமீட்டர், கோடு போட்ட பேப்பர பின்னாடி செருகி வச்சுட்டு கட்டுவேன், நடுவுல இருக்கற ஒவ்வொரு கயிறுலயும் ஒரு க்ளோவ் ஹிட்ச் முடிச்சு. கொஞ்சம் இறுக்கிட்டா போதும், ஷ்ரௌட் எல்லாம் உள்ள இழுத்து உடுக்கை மாதிரி இடுப்பு ஒடுங்கிடும், அப்புறம் அவுக்கறதத் தவிர வேற வழியே இல்ல.

கோந்து தடவி ஒட்டிட்டா ஒரே நாள்ல முடியும்னு பலபேர் சொல்றாங்க. எனக்கு அதுல சம்மதமில்ல. அந்த அஞ்சு மில்லிமீட்டர் ஒரு மாலுமி காத்துல ஆடிக்கிட்டே கால் வச்சு ஏறின படி. முன்பாய்மரம் முடிஞ்சுது, நடுமரத்துல இப்ப பதினோராவது படில இருக்கேன்.