தோழி எங்கே போனாள்?

(தருமபுரியில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். பாட்டிலும் டிவியிலும் குடும்பமும் நட்பும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். குடும்பத்தைப் பற்றி எனக்குப் பின்னால் பேசுகிறவர்கள் பேசட்டும். 1961-ல் 'பாசமலர்' பார்த்து அழ ஆரம்பித்த ஜனம் நாம்; அண்ணன் தங்கைப் பாசத்தை யாரும் நமக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நான் நட்பைப் பற்றி, அதிலும் ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண்மேல் வருகிற நட்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஆண்களின் நட்புக்குச் சினிமாவில் பாட்டு ஏராளம். 1991-ல் 'தளபதி'யில் இளையராஜா இசைக்கு எஸ்.பி.பி.யும் ஜேசுதாசும் சேர்ந்து பாடிய 'காட்டுக்குயிலு' தொடங்கினால் எந்த ஊரிலும் பையன்களின் கால் சும்மா இருக்காது. அந்தப் படத்துக்கு வேர் கர்ணன், துரியோதனன் கதை. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்த நமக்கு அது பழகிய கதை. கர்ணனோடு தனித்திருக்கும்போது துரியோதனன் மனைவி பானுமதியின் இடுப்பு மேகலை அறுந்து மணி சிதறுகிறது. நண்பனைச் சந்தேகப்படாமல் 'எடுக்கவோ, கோக்கவோ' என்று கேட்கிறான் துரியோதனன். வில்லிபுத்தூரார் பாட்டில் வருகிற அந்த இரண்டு சொல்லுக்காகவே கர்ணன் உயிரை விட்டான் என்பார் என் தாத்தா.

பெண்களுக்கு அப்படி ஒரு பாட்டுச் சொல்லுங்கள். தேடித்தான் பார்க்க வேண்டும். சினிமாவில் தோழி என்றால் பெரும்பாலும் கதாநாயகிக்குப் பின்னால் வரிசையில் ஆடுகிறவள். குறுந்தொகையைத் திறந்து பாருங்கள், எத்தனை பாட்டு தோழி கூற்று! தலைவனை நேருக்கு நேர் கண்டிப்பாள். தலைவியின் காதலைச் செவிலியிடம் போட்டு உடைப்பவளும் அவள்தான். இடையில் இந்தப் பெண்ணை யார் தொலைத்தது?

எங்கள் வீட்டில் புளி தட்டுகிற வேலை உண்டு. 2002-லிருந்து 2005 வரை 'மெட்டி ஒலி' ஓடிய காலத்தில், தெருவில் டிவி இருந்தது எங்கள் வீட்டில்தான். ஏழெட்டுப் பெண்கள் ஆளுக்கொரு கல்லோடு உட்கார்ந்து, புளியை நசுக்கிக் கொட்டை எடுத்துக்கொண்டே பார்ப்பார்கள். ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்த தகப்பன் கதை அது. உருக்கமான காட்சி வந்தால் கல் சத்தம் அப்படியே நின்றுவிடும். விளம்பரம் போட்டதும் டொக் டொக்கென்று மறுபடி ஆரம்பிக்கும். மாமியார், நாத்தனார், ஓரகத்தி என்று சீரியல்களில் பெண்ணைச் சுற்றி எத்தனை பேர்! மனதில் இருப்பதைக் கொட்ட ஒருத்தி மட்டும் இருக்கமாட்டாள். பார்க்கிறவர்களோ முழங்கால் இடிக்க நெருக்கி உட்கார்ந்து, ஒருத்தி கண்ணை இன்னொருத்தி துடைத்துவிட்டுக்கொண்டு இருந்தார்கள். அவர்கள் கதையை எழுத யாருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

இத்தனைக்கும் தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழு முதலில் முளைத்தது நம் மாவட்டத்தில். 1989-ல், கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த பழைய தருமபுரி மாவட்டம். என் அம்மாவைக் குழுவில் சேர்த்து, பேனாவைக் கையில் கொடுத்துக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தது சொந்தக்காரி இல்லை, எதிர்வீட்டுக்காரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது அதியமான் ஆண்ட பழைய தகடூர் மண். அதியமான் இறந்தபோது ஔவை பாடிய பாட்டு புறநானூற்றில் 235-ஆவது. 'சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே' என்று தொடங்கும். கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான் என்கிறாள். அதே பாட்டில், நரந்தம் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பான் என்கிறாள். எனக்கு அந்தக் கை போதும். அரசன், புலவர் என்பதெல்லாம் அங்கே மறந்துபோகிறது.

என் அம்மா இறந்த அன்று, சொந்தக்காரர்களின் ஒப்பாரி ஓய்ந்த பிறகு, அந்த எதிர்வீட்டுக்காரி அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு தனியாகப் பாடினார். அக்கா என்றோ தங்கச்சி என்றோ கூப்பிடவில்லை. 'என் கூட்டாளி' என்று கூப்பிட்டுப் பாடினார்.

அவர் இதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நான் பேசுவதைவிட அந்தப் பாட்டை அவர் வாயாலேயே நீங்கள் கேட்கவேண்டும். பெரியம்மா, கொஞ்சம் மேடைக்கு வாங்க. தம்பி, மைக்கைக் கொஞ்சம் இறக்கி வைப்பா.