வாங்கிக் குவிப்பவர்களுக்கு ஒரு வக்காலத்து

(சென்னையில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, நூலகர் அவர்களே, வானம் இருட்டிக்கொண்டு நின்றும் வந்து அமர்ந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

‘புத்தகம் வாங்கும் பித்து: தீர்வு என்ன?’ என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். என்னை மருத்துவர் என்று யாரோ தவறாகச் சொல்லிவிட்டார்களோ என்று சந்தேகம் வந்தது. என்னிடம் தீர்வு எதுவும் கிடையாது. வீட்டில் இடமில்லை, படிக்க நேரமில்லை, ஆனாலும் புதிய புத்தகத்தைக் கண்டால் கை சும்மா இருப்பதில்லை என்கிறவர்கள் சார்பில் வாதாடத்தான் வந்திருக்கிறேன். எதிர்த்தரப்பு பெரும்பாலும் நம் வீட்டிலேயே இருக்கும். அது கேட்பது ஒரே கேள்வி: “வாங்கியதையே இன்னும் படிக்கவில்லை, புதிதாக எதற்கு?”

நியாயமான கேள்விதான். ஆனால், இன்று விட்டதை நாளை வாங்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அதற்குள் ஒளிந்திருக்கிறது. சட்டைத் துணிக்கு அந்த நம்பிக்கை பொருந்தும். தமிழ்ப் புத்தகத்தில் அதை நம்பிக் கைவிட்டவர்கள் இந்த அவையிலேயே சிலர் இருப்பார்கள். ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அடிப்பது ஒரு காலத்தில் இங்கே பொது வழக்கம். இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்துவிட்டது. தொழிலில் இருப்பவர்கள் பிஓடி என்பார்கள். சில நூறு பிரதிகளோடு ஒரு நூல் வெளிவருகிறது. அது தீர்ந்ததும் பதிப்பாளர் கணக்குப் போடுகிறார். காகித விலை ஏறியிருக்கும்; பொது நூலகங்களுக்காக அரசு நூல் வாங்கும் நூலக ஆணைக்கான பணம் வந்து சேர்ந்திருக்காது; ஆசிரியர் அடுத்த நூலுக்குப் போயிருப்பார். இரண்டாம் பதிப்பு பத்து ஆண்டு கழித்து வரலாம், வராமலே போகலாம். நீங்கள் கடைக்குப் போய்க் கேட்டால் “அச்சில் இல்லை” என்பார்கள். அந்த இரண்டு சொற்களை ஒருமுறை கேட்டவர் அடுத்த முறை யோசிக்காமல் வாங்குவார். அதைப் பித்து என்பதா, பட்டறிவு என்பதா?

இன்னொரு காரணம் பஞ்சாங்கம் சம்பந்தப்பட்டது. 1977-இல் அண்ணா சாலை மதரஸா-ஐ-ஆஸம் பள்ளி வளாகத்தில் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி, இடம் மாறி மாறி இன்று நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கிறது. பொங்கலை ஒட்டிய அந்த இரண்டு, இரண்டரை வாரத்தைக் கணக்கில் வைத்துத்தான் தமிழ்ப் பதிப்புலகமே இயங்குகிறது. ஆண்டு முழுவதும் சீராக வரவேண்டிய புதிய நூல்கள் ஒரே மூச்சில் வந்து இறங்குகின்றன. சில நூல்கள் பைண்டிங் பசை காயாமலே அரங்குக்கு வந்துவிடும். பத்து சதவீதக் கழிவு வேறு. பன்னிரண்டு மாத ஆசையை ஒரு மாலைக்குள் அடைத்துவிட்டு, “இவருக்குக் கட்டுப்பாடு இல்லை” என்று வாசகரைக் குற்றம் சொல்வது சரியில்லை. முன்பு சட்டைப்பையில் நோட்டு குறையக் குறைய ஒரு தடை தானாக விழும். இப்போது கியூஆர் கோடு அட்டை அந்தத் தடையையும் எடுத்துவிட்டது; பில் போடுபவருக்குச் சில்லறை தேடும் வேலைகூட இல்லை. (அங்கே புத்தகத்தைவிட டெல்லி அப்பளம்தான் அதிகம் விற்கிறது என்று ஆண்டுதோறும் யாராவது எழுதுவார்கள். மூன்று மணி நேரம் நடந்தவர்களுக்குப் பசிக்காதா? அந்தக் கிண்டலில் எனக்கு உடன்பாடில்லை.)

சரி, வாங்கினோம், படிக்காமல் அடுக்கியும் வைத்தோம். அதனால் யாருக்கு என்ன பயன்? இங்கேதான் என் முக்கியமான சாட்சியை அழைக்கிறேன்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பல பத்தாண்டுகள் நூல்களைச் சேர்த்தார். நூல் என்றால் இலக்கியம் மட்டும் என்று எண்ண வேண்டாம். நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ், பாட்டுப் புத்தகம், பழைய வார இதழ், மருத்துவச் சுவடி அச்சுகள், மதிப்புள்ளது எது, மதிப்பற்றது எது என்று அந்தக் காலத்தில் யாரும் முடிவு செய்திராத அத்தனையும். அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போன உறவினர் ஒருவர் என்ன நினைத்திருப்பார் என்று ஊகிப்பது கடினமில்லை. ரோஜா முத்தையா 1992-இல் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, கடல் தாண்டிக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே இருக்கச் செய்தது. 1994-இல் அது ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று தரமணியில் இருக்கிறது. தமிழ் அச்சு வரலாறு, நாடகம், பெண்கள் இதழ்கள் என்று எதை ஆராய்பவரும் அங்கே போய் உட்காராமல் வேலையை முடிக்க முடிவதில்லை. அத்தனையையும் ரோஜா முத்தையா வரிவரியாகப் படித்தாரா? அந்தக் கேள்வியை அந்த நூலகத்தில் வேலை செய்யும் ஆய்வாளர் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகள் தேடித் தேடி வாங்கிய நூல்களும் அப்படித்தான் அவருக்குப் பின் அவர் பெயரிலேயே ஒரு நூலகமாயின. சேர்த்தவர் பெயர் நிலைக்காத தொகுப்புகள், பழைய புத்தகக் கடைகள் நிறைந்திருந்த மூர்மார்க்கெட் சந்தைக்குப் போயின. ஒரு வக்கீல் காலமானால், அடுத்த மாதமே அவருடைய அலமாரி அங்கே நடைபாதையில் விரிந்திருக்கும். ஒருவர் திறக்காமலே வைத்திருந்த நூலை இன்னொருவர் பேரம் பேசி வாங்கிப் போவார். 1985-இல் அந்தக் கட்டடம் எரிந்தது. பழைய புத்தகக் கடைகள் அருகில் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. எரிந்த இடத்தில் இன்று நிற்பது புறநகர் ரயில் நிலையக் கட்டடம். ஒரே கூரையின் கீழ் எல்லாம் இருந்தால் ஒரு தீ போதும் என்பதற்கு அது ஓர் உதாரணம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தள வீடுகளில் அலமாரிகளின் கீழ்த்தட்டுகள் என்னவாயின என்பது உங்களில் பலருக்குத் தெரியும். முந்நூறு பிரதி முந்நூறு வீடுகளுக்குப் போனால் கொஞ்சம் கரையானுக்கு, கொஞ்சம் வெள்ளத்துக்கு, கொஞ்சம் பழைய பேப்பர்க் கடைக்கு என்று போனது போக, பத்துப் பிரதியாவது மிஞ்சும். வாங்கிப் படிக்காமல் வைத்திருப்பவரும் அந்தப் பத்தில் ஒருவராக இருக்கக்கூடும்.

இப்போது எதிர்த்தரப்பில் ஒரு பெரிய வக்கீல் எழுகிறார். அவரை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. சீர்காழியில் 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். கணிதப் பேராசிரியராக இருந்தவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். சேர்ந்த சில நாளிலேயே வேலை சலித்துப்போய், பழைய வகுப்பறைக்கே திரும்ப அனுமதி கேட்டார் என்பது நூலகத்துறையில் எல்லாரும் சொல்லும் கதை. நல்ல வேளையாக, பயிற்சிக்கென்று லண்டனுக்கு அனுப்பினார்கள். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, ‘நூல்கள் பயன்படுத்துவதற்கே’. இந்த விதி அவருடைய கணித ஆசிரியர் எட்வர்ட் ராஸ் போகிற போக்கில் சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்து வந்ததாம். கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டிய அலமாரிகளுக்கு எதிராக இதைவிடக் கடுமையான வாசகம் கிடையாது. குவிப்பவர்கள் வழக்கு இங்கே தோற்றுவிடும் போல் தோன்றுகிறது.

ஆனால் அவருடைய மூன்றாவது விதியைப் பாருங்கள்: ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர். அந்த வாசகர் காசு கொடுத்து வாங்கியவராகவே இருக்க வேண்டும் என்று அரங்கநாதன் எங்கும் சொல்லவில்லை. வாங்குபவர் ஒருவர், படிப்பவர் வேறொருவர், நடுவில் முப்பது ஆண்டு இடைவெளி. அந்த விதிக்கு இதுவும் உட்பட்டதுதான். எதிர்த்தரப்பின் சாட்சியையே நம் பக்கம் இழுத்துவிட்டதாக நினைக்கிறேன்.

வீட்டில் கேள்வி கேட்பவர்களிடம் இன்னொன்றும் சொல்லலாம். அரங்கநாதனின் முயற்சியும் சேர்ந்து 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. நாம் கட்டும் சொத்துவரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறது, ரூபாய்க்குப் பத்துக் காசு. ஆகவே புத்தகமே வாங்காதவர் என்று இந்த ஊரில் வீட்டுச் சொந்தக்காரர் எவரும் இல்லை. வாங்கியதை வந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

இத்தனையும் சொன்னதால் எதை வேண்டுமானாலும் அள்ளுங்கள் என்று பொருள் இல்லை. என் கட்சிக்காரர்களிலும் இரண்டு வகை உண்டு. எல்லாரும் பேசுகிறார்கள் என்பதற்காக, பேச்சு ஓய்வதற்குள் வாங்கியாக வேண்டும் என்று ஓடுகிறவர்களுக்காக நான் வாதாட மாட்டேன். அவர்கள் ஓடிப்போய் வாங்குவது எப்போதும் கிடைக்கும் நூலாகவே இருக்கும். பாரதியார் பாடல்களின் உரிமையை 1949-லேயே அரசு வாங்கிவிட்டது. எந்தத் தெருவிலும் எந்த விலையிலும் கிடைக்கும். பழைய இலக்கியங்களை 1998 முதல் மதுரைத் திட்டம் இணையத்தில் இலவசமாகத் தந்துகொண்டிருக்கிறது. இந்தியாவில் அச்சாகும் நூல்களுக்கு ஒரு பிரதி எழும்பூர் கன்னிமாராவுக்கு வர வேண்டும் என்பது 1954-ஆம் ஆண்டுச் சட்டம். 1896-இல் திறந்த நூலகம் அது. புதிய நூலின் வாசனைதான் வேண்டும் என்றால் அங்கே போய் ஓர் உச்சிப்பொழுதைக் கழிக்கலாம்.

அவசரம் வேறு நூல்களுக்குத்தான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தன் ஊரின் ஏரி, கண்மாய், கோயில் பற்றி எழுதித் தன் செலவில் அச்சிட்டது. ஒரு மீனவர் வலைகளின் வகைகளைப் பற்றிச் சொல்ல, மகள் எழுதியது. தொழிற்சங்கத்துக்காரரின் தன்வரலாறு. அட்டை நன்றாக இருக்காது, எழுத்துப்பிழை இருக்கும், மூலை அரங்கில் கிடக்கும். அதைப் பார்த்தால் அன்றே வாங்கிவிடுங்கள். படிக்க மூன்று வருடம் ஆனாலும் பரவாயில்லை.

பிறகு, வெளியே விடவும் பழகுங்கள். இந்த ஊரில் வாடகை வீடு மாறும்போது லாரியில் ஏற்றுகிறவர் எந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிவிட்டு நம்மைத் திட்டுகிறார் என்பது தெரிந்ததே. அந்தப் பெட்டியைக் கட்டும் வாரத்தில் பாதியை இறக்கிவிடலாம். 2023 புத்தகக் காட்சியில் சிறைத்துறையே ஓர் அரங்கு வைத்து, சிறைவாசிகளுக்கென்று நூல்களைக் கேட்டு வாங்கியது. இந்தக் கிளை நூலகமும் வாங்கிக்கொள்ளும். நம் நூலகர் சொல்லச் சொன்னது ஒன்று: காலாவதியான நோட்ஸ், பழைய பாடத்திட்டத்துக் கைடு, பக்கம் உதிரும் ஜோதிடப் புத்தகம், இவற்றை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து ‘நன்கொடை’ என்று வைத்துவிட்டுப் போகாதீர்கள். நீங்களே படிக்க ஆசைப்பட்டு வாங்கி, நேரமில்லாமல் வைத்திருக்கிறீர்களே, அதைக் கொடுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். வணக்கம்.