தறிக்குழிக்குள் இருந்த தாத்தா

நடுவர் ஐயாவுக்கும் சேலத்து மக்களுக்கும் வணக்கம். மற்றதெல்லாம் அப்புறம், மணி அடித்துவிடுவார்.

வியட்நாம் போருக்குப் போகாமல் தப்பியவர்களை அமெரிக்க அரசு மன்னித்தது சரியா? எதிரணி அண்ணன் கேட்டார்: "ஓடினவனுக்கு மன்னிப்பு என்றால், ஏற்காடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் இல்லாமல் ஏறினவனுக்கு ஏசி பெட்டியா?" கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், பொய் சொல்வானேன்.

ஆனால் அண்ணே, ஏற்காடு எக்ஸ்பிரஸில் நாமாகத்தானே ஏறுகிறோம்? அங்கே பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க, 1969 டிசம்பர் 1-ல், பையன்களின் பிறந்த தேதிகளைக் குப்பிகளில் அடைத்து, கண்ணாடிக் குடுவையில் போட்டு எடுத்தார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14. நம்மூர்க் குலுக்கலில் குத்துவிளக்கு விழும். அங்கே துப்பாக்கி விழுந்தது!

ஏசி பெட்டி யாருக்குக் கிடைத்தது? 1974 செப்டம்பர் 8-ல், பதவி விலகிய அதிபர் நிக்சனுக்கு, அடுத்து வந்த அதிபர் ஃபோர்டு தந்தது நிபந்தனையே இல்லாத மன்னிப்பு. எட்டு நாள் கழித்து, போருக்குப் போகாத பையன்களுக்கு மட்டும், இரண்டு வருடம் வரை பொதுவேலை செய்தால்தான் மன்னிப்பு. சொல்லுங்கண்ணே, யார் ஏசி, யார் அன்ரிசர்வ்டு?

சரி, எங்கள் அம்மாபேட்டைக்கு வாருங்கள். பாட்டியின் தம்பி இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்தில் சேர்ந்து, மூன்றே மாதத்தில் ஓடி வந்துவிட்டார். பின்னாலேயே போலீஸ். பாட்டி அவரைத் தறிக்குழிக்குள், அதாவது நெய்கிறவர் கால் விட்டு மிதிக்கிற பள்ளத்துக்குள், இறக்கிவிட்டு, மேலே உட்கார்ந்து நெய்ய ஆரம்பித்தாள். "தம்பி எங்கே?" என்றார் ஏட்டு. "தெரியாதுங்க." மிதிகட்டையில் ஒரு மிதி. உள்ளேயிருந்து "ஐயோ!"

"என்ன சத்தம்?"

"தறிக்கு எண்ணெய் போடலைங்க!"

இருங்கள், முடியவில்லை. ஏட்டு திண்ணையில் உட்கார்ந்து மோர் கேட்டார். மோருக்கு எழுந்தால் குழி தெரியும். பாட்டி சொன்னாள்: "போர் வந்ததிலிருந்து எங்க மாடு கறக்கிறதே இல்லீங்க!" அன்று சாயங்காலம்வரை நெய்தாள். ஒரே நாளில் அவ்வளவு துணி அந்தத் தறியில் அதற்குப் பிறகு விழவில்லை.

1977 ஜனவரி 21, பதவியேற்ற மறுநாளே புது அதிபர் கார்ட்டர் அந்தப் பையன்களை நிபந்தனையின்றி மன்னித்தார். அதுவும் பட்டாளத்துக்குப் போகாதவர்களுக்குத்தான், போய்விட்டு ஓடி வந்தவர்களுக்கு இல்லை. அங்கே பிறந்திருந்தால் எங்கள் தாத்தா குழிக்குள்ளேயே கிடந்திருப்பார்.

பாட்டி இறந்த அன்று அவரைக் காணோம். தேடினால், ஓடாத தறியின் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறார். எழுபது வயது. கைகொடுத்தேன், வரவில்லை. உச்சந்தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அக்கா மிதிச்ச இடம்டா. இன்னும் வலிக்குது."