கீரை ஆயும் கைகள்

நேயர்களுக்கு வணக்கம். காலையில் அம்மாவையோ அப்பாவையோ கொண்டுபோய் விட்டு, மாலையில் அழைத்துவரும் முதியோர் டே கேர் இப்போது நம் ஊர்களுக்கும் வந்துவிட்டது. இடம் பார்க்கப் போகிறவர்கள் ஏசி இருக்கிறதா, கட்டணம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். கேளுங்கள். கூடவே, ஒரு நாள் காலை 11 மணிக்குச் சொல்லாமல் போய், அங்கிருக்கும் பெரியவர்களின் கைகளைப் பாருங்கள். அவை மடியில் சும்மா கிடக்கின்றனவா?

பல இடங்களில் டிவி ஓடும், எதிரே வரிசையாக நாற்காலி. இல்லையென்றால் மழலையர் வண்ணப் புத்தகம். நாற்பது வருடம் மளிகைக்கடை நடத்தியவரிடம் யானைக்குக் கலர் அடிக்கச் சொன்னால் கோபம் வராதா? 'ஒத்துழைப்பதில்லை' என்று அவர் பெயருக்கு நேரே எழுதிவிடுவார்கள்.

இந்த இடத்தில், குழந்தைக் கல்விக்குப் புது முறை தந்த இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரியைச் சொல்லியாக வேண்டும். 1939 நவம்பரில், பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேல் அழைத்ததன் பேரில், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க அடையாறு வந்தார். போர் மூண்டிருந்த நேரம். அடுத்த ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் மகன் மாரியோவைப் பிரிட்டிஷ் அரசு காவலில் வைத்தது. அம்மாவின் 70ஆம் பிறந்தநாளுக்குத்தான் விட்டார்கள். அது தனிக்கதை. 1946 வரை மாண்டிசோரி இந்தியாவிலேயே இருந்தார், கொடைக்கானலிலும் சில காலம். குழந்தைக்கு நிஜப் பொருளைக் கொடு, நிஜ வேலையைக் கொடு என்பது அவர் முறை. பிறகு 1990களில் கேமரன் கேம்ப் என்ற அமெரிக்க உளவியலாளர் அதையே மறதிநோய் வந்த முதியவர்களுக்கு மாற்றியமைத்தார். காரணம் எளிது. பேரன் பெயர் நாக்கில் வராதவருக்கும் வாழைநாரில் பூ முடிச்சு சரியாக விழும். கை பழகியது கடைசியில்தான் போகும்.

மையத்தில் கொடுக்கக்கூடிய நிஜ வேலைக்கு, முருங்கைக்கீரை ஆய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மேசைக்கு நான்கு பேர், ஒரு பணியாளர். உட்காரும் முன் கழிப்பறைக்கு அழைத்துப் போக வேண்டும். பாதியில் ஒருவர் எழுந்து நடந்தால் பாதி நேரம் காரணம் அதுதான், சொல்லத் தெரியாது. கைவைத்த நாற்காலி, பாதம் தரையில் பதிய வேண்டும். எவர்சில்வர் தட்டு வேண்டாம், கண் கூசும். கண்புரை உள்ளவருக்குப் பச்சை இலை தெரிய வெள்ளைத் தட்டு, வெள்ளைப்பூண்டு உரிக்க அடர்நிறத் தட்டு. பணியாளர் பேசாமல், மெதுவாக, ஒரு கொத்தை உருவிக் காட்ட வேண்டும். பேசிக்கொண்டே காட்டினால் காதும் கண்ணும் குழம்பும். இருபது நிமிடம் போதும்.

உருவிய கீரை அன்றைய மதியக் கூட்டில் விழ வேண்டும். இதைத் திரும்பவும் சொல்கிறேன், அன்றைக்கே. துவரையையும் உளுந்தையும் வேண்டுமென்றே கலந்து கொடுத்து, பிரித்து முடித்ததும் அவர் கண்ணெதிரே மறுபடி கொட்டிக் கலக்கும் மையங்கள் உண்டு. அடுத்த நாள் அவர் முறத்தைத் தொடமாட்டார். நோய் முற்றி, கையில் கிடைப்பதை வாயில் போடுகிறவருக்குப் பருப்பு, புளியங்கொட்டை, பல்லாங்குழிச் சோழி எதுவும் ஆகாது, புரையேறும். அவருக்குத் துண்டு மடிக்கக் கொடுங்கள். கோணலாக மடித்தாலும் எதிரில் பிரித்துத் திருத்தாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடவேண்டும், முடித்ததும் அரை மணி நேரம் படுக்கக் கூடாது, தாகம் என்று கேட்காவிட்டாலும் தண்ணீர் நீட்ட வேண்டும். இவ்வளவுதான் இப்போது.

எதிரே கை காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. வண்டி. மையமே வண்டி அனுப்பி அழைத்துப் போனால், முதலில் ஏறுகிறவர் எவ்வளவு நேரம் உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்று கேளுங்கள். ஓட்டுநரைத் தவிர இன்னொரு ஆள் வண்டியில் வருகிறாரா என்றும் கேளுங்கள். வரவில்லை என்றால் சேர்க்க வேண்டாம். வணக்கம்.