வரப்பில்லாத வயல்கள்: லாக்ஸ்டன் கிராமம்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தில் நாட்டிங்காம்ஷயர் பக்கம் லாக்ஸ்டன் என்றொரு சிற்றூர். இடைக்காலத் திறந்தவெளிச் சாகுபடி இன்றும் நடக்கும் ஊர் அது.

மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல் என மூன்று பெரும் வயல்கள். உள்ளே வேலியும் இல்லை, வரப்பும் இல்லை. ஒரே விவசாயியின் நிலம் மூன்றிலும் நீளத் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும். நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லோருக்கும் பங்காக வரும். 220 கஜ நீளம், 22 கஜ அகலம் இருந்தால் ஒரு ஏக்கர். அந்த நீளத்துக்குத்தான் ஃபர்லாங் என்று பெயர். இன்றுள்ள துண்டுகள் இதைவிடப் பெரியவை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறு துண்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கிவிட்டார்கள். நிலம் நாலா பக்கமும் கிடப்பதால் யாரும் வயலில் வீடு கட்டவில்லை. பண்ணை வீடுகள் எல்லாம் ஊர்த்தெருவிலேயே நிற்கின்றன.

ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தப் பயிர், மூன்றாவது தரிசு அல்லது தீவனம். மறு ஆண்டு முறை மாறும். சரிவிலும் ஈரப் பள்ளத்திலும் ஏர் இறங்காது. அந்தப் புல்வெளிக்கு 'சைக்' என்று பெயர். அங்கே உலர்தீவனத்துக்குப் புல் அறுப்பார்கள்.

வரப்பில்லாத இடத்தில் வரும் தகராறு ஒன்றுதான். ஆண்டுக்கு ஒரு சால் தள்ளி உழுதால் பக்கத்துத் துண்டு சத்தமில்லாமல் சுருங்கும். ஏரைத் திருப்பும் இடத்தில் பாதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகும். இதைத் தடுக்கத்தான் ஊர் மன்றம். நவம்பர் இறுதியில் அதன் நடுவர் குழு டிராக்டர் வண்டியில் ஏறிக் கோதுமை வயலைச் சுற்றிவரும். சந்தேகமான இடத்தில் இறங்கி, கண்ணளவில் கோடு பிடித்து, மரமுளை அடிக்கும். முளையைத் தாண்டி உழுதவருக்கு அடுத்த வாரம் மன்றத்தில் அபராதம். தொகை சிறியதுதான், ஆனால் ஊரார் முன்னிலையில் பெயர் வாசிக்கப்படுவது சிறிய விஷயமல்ல. இந்த ஊரைக் காப்பாற்றியது அந்த முளைதான் என்பது என் உறுதியான எண்ணம்.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்கள் மற்ற ஊர்களின் வயல்களைத் தனித்தனி நிலங்களாகப் பிரித்து வேலியடைத்தன. லாக்ஸ்டனில் இரண்டு பெரிய நிலக்கிழார்களிடையே உடன்பாடு ஏற்படாததால் அந்த வேலை முடியவில்லை. 1635இல் மார்க் பியர்ஸ் வரைந்த நிலவரைபடம் ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. உழுகிறவர்களும் மேய்ப்பவர்களும்கூட அதில் தெரிவார்கள்.

நிலக்கிழாரான மேன்வர்ஸ் பிரபு 1952இல் நிலத்தை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். 1981இல் அது, அரச உடைமை நிலங்களை நிர்வகிக்கும் கிரௌன் எஸ்டேட்டுக்குப் போனது. 2020இல், மேன்வர்ஸ் குடும்பத்தின் பழைய தோர்ஸ்பி எஸ்டேட்டே ஊர் மன்றத்தை நடத்தும் பொறுப்போடு சேர்த்து அதைத் திரும்ப வாங்கியது.