எண்பது இலைக் கல்யாணம்

நேயர்களுக்கு வணக்கம். 2020-இல் கொரோனா கட்டுப்பாட்டால் 50 பேரோடு கல்யாணங்கள் நடந்தன. இன்றைக்கு அதை விரும்பியே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் "சிம்பிளா முடிச்சிடலாம்" என்று பேச்சு ஆரம்பித்து, பத்திரிகை வைக்கிற நேரத்தில் 250-க்கு வந்து நிற்கிற வீடுகள்தான் அதிகம்.

முதல் வேலை பெயர்ப் பட்டியல். மண்டபமெல்லாம் அப்புறம். பெண் வீட்டுக்கு 40, மாப்பிள்ளை வீட்டுக்கு 40 என்று முதலில் எண்ணிக்கையை முடிவு செய்துவிட்டுப் பெயர் எழுதுங்கள். எழுதும்போது ஆளைப் பார்க்காதீர்கள், உறவைப் பாருங்கள். ஒரு சித்தப்பா பிள்ளையைக் கூப்பிட்டால் எல்லா சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளையும் கூப்பிட வேண்டும். முடியாதென்றால் அந்த வரிசையில் ஒருவரும் வேண்டாம். "அவனைக் கூப்பிட்டீங்க, என்னைக் கூப்பிடலையே" என்பதில்தான் மனஸ்தாபம் வருகிறது. வரிசை முழுவதையும் விட்டால் யாரும் பெரிதாகக் கோபித்துக்கொள்வதில்லை. கூப்பிடாதவர்களுக்கு வீட்டுப் பெரியவர் ஒருவரே முன்கூட்டி போன் செய்து சொல்லிவிட வேண்டும். அடுத்தவர் வாய் வழியாக அவர்களுக்குத் தெரியவரக்கூடாது.

மொய் நோட்டையும் எடுத்துப் பாருங்கள். உங்கள் வீடு வருஷக்கணக்காக ஊரெல்லாம் செய்த மொய்யைத் திருப்பிச் செய்யக் காத்திருப்பவர்கள் அதில் இருப்பார்கள். அவர்களுக்கு இது கடன். வாங்குவதா, வேண்டாமா என்று பத்திரிகை அடிக்கும் முன்பே இரு வீடும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

இனி சாப்பாடு. சின்னக் கல்யாணம் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 500 பேர் கல்யாணத்தில் சொல்லாமல் ஒரு வேனில் 12 பேர் வந்தாலும் பந்தி தாங்கும். 80 பேர் கல்யாணத்தில் அதே 12 பேர் என்றால், ஏழில் ஒரு பங்கு கூடிவிட்டது. அதனால்தான் பட்டியல், பட்டியல் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முந்தின வாரத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, "வர்றீங்களா" என்று கேட்காமல், "எத்தனை பேர் வர்றீங்க, காலை டிபனுக்கா, முகூர்த்தச் சாப்பாட்டுக்கும் இருப்பீங்களா" என்று கேளுங்கள்.

காலையில் இட்லி, பொங்கல், வடை சாப்பிட்டவர்களுக்கு மதியம் 80 இலை போட 8 முதல் 9 கிலோ அரிசி போதும். சாம்பாருக்குத் துவரம்பருப்பு 2 கிலோ. பீன்ஸ் பொரியல் என்றால் காய் 4 கிலோ. ஆளுக்கு 100 மில்லி கணக்கில் பாயசம் 8 லிட்டர். இலை மட்டும் 95 வாங்குங்கள், கட்டுக்குள் கிழிசல் இல்லாமல் இருக்காது.

பெரிய அண்டாவிலேயே சமைத்துப் பழகிய மாஸ்டர்களிடம் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். உப்பும் புளியும் அவர்களுக்குக் கைக்கணக்கு. 500 பேருக்குப் பழகிய கை 80 பேர் ரசத்தில் தப்பிவிடும். பாத்திரம் பெரிதாக இருந்தால் சாம்பார் அடியில் பரவி, சீக்கிரம் சுண்டிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே 100 பேருக்குள் வழக்கமாகச் செய்கிறவரைத் தேடிப் பிடியுங்கள். தலைக்கு என்ன விலை என்று கேட்கும்போது, குறைந்தபட்சம் எத்தனை இலைக்குக் காசு கட்ட வேண்டும் என்றும் கேளுங்கள். சிலர் 150 இலைக்குக் கீழே இறங்கமாட்டார்கள்.

பரிமாற 20 இலைக்கு ஒருவர் வேண்டும், அப்படியானால் 4 பேர். ஒரே பந்தியில் எல்லாரும் உட்காரலாம், பொண்ணு மாப்பிள்ளையும் கூடவே உட்காரலாம். பெரிய கல்யாணத்தில் கடைசிப் பந்தியில் ஆறிய சோறு சாப்பிடுகிற அந்த இரண்டு பேரும் இங்கே சூடாகச் சாப்பிடுவார்கள். சின்னக் கல்யாணம் செய்ய எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஏசி ஹாலில் ஹோமம் வளர்க்க விடுவார்களா, புகை வெளியேற வழி உண்டா என்று முன்பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். நாதஸ்வரமும் தவிலும் சின்ன அறைக்குள் வாசித்தால் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்காது. வாத்தியக்காரர்களை வராந்தாவில் உட்கார வையுங்கள், மைக் தேவையில்லை. கெட்டிமேளம் சொல்ல, அவர்கள் கண்ணில் படுகிற மாதிரி ஒருவர் வாசலில் நின்றால் போதும். போட்டோ எடுப்பவரைத் தாலி கட்டும்போது பக்கவாட்டில் நிற்கச் சொல்லுங்கள். 80 பேரும் பார்க்கத்தானே வந்திருக்கிறார்கள்!

கோயில் கல்யாணம், புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் இரண்டையும் பற்றிச் சொல்ல வைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஒன்று மட்டும். 2009-ஆம் ஆண்டு சட்டப்படி தமிழ்நாட்டில் எந்தத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பதிவு அலுவலகத்தில் கல்யாணப் பத்திரிகை கேட்பார்கள். வாட்ஸ்அப்பிலேயே அழைத்துவிட்டோம் என்று அச்சடிக்காமல் விட்டவர்கள் அங்கே போய்த் திண்டாடுகிறார்கள். 25 பத்திரிகையாவது அடித்து வையுங்கள். அதில் பெயரின் எழுத்தும் தலைப்பெழுத்தும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். வணக்கம்.