ஏரி கோடி போச்சு

(குடியாத்தத்தில் பொங்கலை ஒட்டி நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘இணையத்தில் எழுத ஏற்றது பொதுத்தமிழா, ஊர்த்தமிழா?’ ஊர்த்தமிழ் அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை.)

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் ஐயா, நாற்காலி கிடைக்காமல் ஓரமாக நிற்கும் அண்ணன்மார்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனார். “ஊர்த்தமிழுக்கு வாதாட வந்தவர்கள் மேடை ஏறியதும் ஏன் பொதுத்தமிழில் பேசுகிறார்கள்?” என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், உண்மையாச்சே! சாயங்காலம் வீட்டை விட்டுக் கிளம்பும்போது “வரசொல்ல ராவாயிடும்மா, நீ துன்னுட்டுப் படுத்துக்க” என்று அம்மாவிடம் சொன்னவன்தான் நான். மைக்கைப் பிடித்ததும் ‘நடுவர் அவர்களே’ ஆகிவிட்டேன். இந்த வித்தை எனக்கு எங்கே பழகியது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நான்காம் வகுப்பில். ஒரு நாள் சாப்பாட்டு மணி முடிந்து தாமதமாக வந்தேன். வாசலில் நின்று, “சார், உள்ள வந்து குந்தட்டுமா?” என்று கேட்டேன். “என்னது? இன்னொரு தடவை சொல்லு” என்றார் ஆசிரியர். நல்ல பிள்ளையாக இன்னொரு தடவை சொன்னேன். வகுப்பே சிரித்தது. ‘உட்காரட்டுமா’ என்று பத்து தடவை சொல்லச் சொல்லி, அதற்கு அப்புறம்தான் உள்ளே விட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான், வீட்டில் அவரும் குந்தித்தான் இருப்பார். ஆனால் அன்றைக்கு என் வாயில் ஒரு பூட்டு விழுந்தது. பெரியவன் ஆனபிறகு அகராதியைப் புரட்டிப் பார்த்தால், ‘குந்துதல்’ என்று கம்பீரமாக இருக்கிறது. குதிகாலில் பாரம் போட்டு, காலை மடக்கி உட்காருவது என்று பொருளும் போட்டிருக்கிறார்கள். உட்காருவதில் ஒரு தினுசுக்குத் தனிச்சொல் வைத்திருந்த பிள்ளையைத்தான் அன்றைக்கு வாசலில் நிற்க வைத்தார்கள்.

‘சிதைந்த தமிழ்’ என்று அக்கா நான்கு தடவை சொன்னார், நான் எண்ணினேன். ‘வூட்டாண்ட’ என்பதைப் பிரித்துப் பாருங்கள், ‘வீட்டு அண்டை’. அண்டை வீடு, அண்டை நாடு என்று செய்தித்தாளில் எழுதினால் தமிழ், நாங்கள் வாயால் சொன்னால் சிதைவு. ‘அப்பால பாத்துக்கலாம்’ என்பதில் இருப்பது அப்பால். வயலை நாங்கள் ‘கயினி’ என்கிறோம். அது கழனி. குறுந்தொகையில் எட்டாம் பாட்டு ‘கழனி மாஅத்து’ என்றுதான் தொடங்குகிறது. இடையில் அந்த ழகரத்தைத் தொலைத்துவிட்டோம், ஒப்புக்கொள்கிறேன். கோழியும் எங்களிடம் கோயிதான். ஆனால் சொல்லைத் தொலைக்கவில்லை.

தொல்காப்பியர் செய்யுளுக்கு உரிய சொல் நான்கு என்றார்: இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல். செய்யுளிலேயே திசைச்சொல்லுக்கு, அதாவது அந்தந்த வட்டாரத்துச் சொல்லுக்கு, இடம் போட்டுக் கொடுத்திருக்கிறார். ‘செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்தும் தம் குறிப்பினவே திசைச்சொற் கிளவி’ என்பது சூத்திரம். உரைகாரர்கள் அதற்கு நாடு நாடாக உதாரணம் காட்டுகிறார்கள். குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்பர். அருவாவடதலை நாட்டார் குறுணி என்ற தானிய அளவையைக் குட்டை என்பர். அருவாவடதலை என்றால் அருவா நாட்டுக்கு வடக்கே இருப்பது. அது நம்ம பக்கம்தான் என்று நான் உரிமை கொண்டாடிக்கொள்கிறேன், நடுவர் தடுக்கக் கூடாது. செய்யுளுக்கே ஆகும் என்று அவர் விட்ட சொல், வாட்ஸப் ஸ்டேட்டஸுக்கு ஆகாதா?

‘வெளியூர்க்காரனுக்குப் புரியாது’ என்பதுதான் எதிரணியின் பெரிய ஆயுதம். இதற்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும்.

2021 நவம்பர் உங்களுக்கு நினைவிருக்கும். பாலாறு இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. வருஷக்கணக்காக மணலை மட்டுமே பார்த்த பிள்ளைகள் பாலத்தில் நின்று செல்போனில் படம் பிடித்தார்கள். எங்கள் ஊர் ஏரியும் நிரம்பியது. ஊரே மஞ்சள் குங்குமம், சூடம், தேங்காயோடு கரைக்குப் போனது. நான் ஒரு படம் எடுத்து முகநூலில் போட்டு, மூன்றே சொல் எழுதினேன்: ‘ஏரி கோடி போச்சு!’

திருநெல்வேலி நண்பர் ஒருவர் பதறிப்போய், “ஐயோ, எத்தனை கோடி? யார் கொண்டுபோனது?” என்று கேட்டார்.

சிரிக்காதீர்கள், அவர் நிஜமாகவே கேட்டார். நான் விளக்கினேன்: ஏரிக்கரையின் கோடியில், அதாவது கடைசியில், மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கட்டி வைத்திருக்கும் இடம் கோடி. அதன் வழியாகத் தண்ணீர் போனால் ஏரி கோடி போகிறது. கோடி போனால் ஏரி நிறைந்துவிட்டது, இந்த வருஷம் நடவு உண்டு, கிணற்றில் ஊற்று உண்டு, இந்தத் தண்ணீர் அடுத்து கீழே இருக்கும் ஏரிக்குப் போகிறது என்று அர்த்தம். இத்தனையும் அந்த மூன்று சொல்லில் அடக்கம். அவர் உடனே, “அட, இதைத்தானா? எங்க ஊர்ல மறுகால் பாயுதுன்னு சொல்வோம்” என்றார். அரை மணி நேரத்தில் அந்தப் பதிவின் கீழே தமிழ்நாட்டு ஏரி குளம் எல்லாம் நிரம்பி வழிந்தது. அவர் மடையைச் சொன்னார், நான் மதகைச் சொன்னேன். இன்னொருவர் கலிங்கு என்றார்.

இதையே நான் பொதுத்தமிழில் எழுதியிருந்தால்? ‘ஏரி நிரம்பி உபரிநீர் வெளியேறுகிறது.’ எல்லாருக்கும் புரிந்திருக்கும். யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அதுவும் ‘உபரிநீர்’ என்பது யாருக்கு உபரி? கீழ் ஏரிக்காரனுக்கு அதுதான் முதல் நீர். அதிகாரி எழுதுகிற சொல் அது, கரையில் நிற்கிறவன் சொல் கோடி.

எழுத்தாளர் மு.வ.வைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். “திருப்பத்தூரில் 1912இல் பிறந்தவர், வாலாஜாவுக்குப் பக்கத்து வேலத்துக்காரர், உங்கள் மண்ணின் மகனே தூய தமிழில்தானே எழுதினார்?” என்றார் எதிரணித் தலைவர். ஆமாம் ஐயா, எழுதினார், அது எங்களுக்குப் பெருமை. மு.வ. எழுதியது புத்தகம். நான் பேசுவது, ராத்திரி பதினொரு மணிக்கு மாமன் மகனோடு கட்டை விரலால் நடத்துகிற பேச்சைப் பற்றி. ‘இன்னா, துன்னியா?’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘உணவு அருந்தினாயா?’ என்று கேட்டால், என்னமோ சண்டை என்று அவன் போனே பண்ணிவிடுவான். மின்வாரியத்துக்குப் புகார் எழுதினால் நானும் பொதுத்தமிழில்தான் எழுதுவேன். எங்கள் அணியில் யாரும் அதை ஒழிக்க வரவில்லை.

எழுதுவது என்றாலே பொதுமொழி என்று யார் சொன்னது? பழைய வடாற்காட்டில் செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல். முதலாம் மகேந்திரவர்மன் காலம், சுமார் 1400 வருஷத்துக்கு முந்தியது. கருந்தேவகத்தி என்று ஒரு வீரன், எருமைகளைக் காக்கப் போய்ச் செத்தான். பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதிய விஷயத்தைப் பாருங்கள், எருமையும் நாயும். அதில் பல்லவச் சக்கரவர்த்தியின் பெயர் எப்படி இருக்கிறது தெரியுமா? ‘மயிந்திர பருமன்’. ராஜா பெயரையே ஊர் வாயில் எப்படி வந்ததோ அப்படியே கல்லில் வெட்டிவிட்டார்கள். எழுத்துப் பிழை என்று யாரும் சிவப்புக் கோடு போடவில்லை.

நம்ம மாவட்டத்துக்கு இருந்த இந்த ‘வடாற்காடு’ என்ற பெயரே இப்போது வரைபடத்தில் இல்லை. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. பெயர் போய்விட்டது, பேச்சுதான் மிச்சம்.

அந்தப் பேச்சு இணையத்தில் இல்லாமல் இல்லை. அதுதான் என் வருத்தமே. ‘இன்னா நைனா’ என்று தேடிப் பாருங்கள், கொட்டும். எல்லாம் நையாண்டி. சினிமாவில் எங்கள் வாடை அடிக்கும் பேச்சை ரவுடிக்கும் குடிகாரனுக்கும் கொடுத்தார்கள். அதையே வெட்டி ஒட்டி இணையத்தில் சிரிப்புப் படமாக்கினார்கள். கரிசலுக்கு கி.ரா. சொல்லகராதி போட்டார், கொங்குக்குப் பெருமாள்முருகன் போட்டார், நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரன் போட்டார். அந்தப் பேச்சையெல்லாம் கேட்டால் ‘மண்வாசனை’ என்கிறோம். எங்கள் பேச்சைக் கேட்டால் ‘லோக்கல்’ என்கிறோம். ‘சேரி பாஷை’ என்று வாய்கூசாமல் சொன்னவர்களும் உண்டு. அந்தச் சிரிப்புக்குள் சாதி குந்தியிருக்கிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

சாதி என்றதும் அக்கா நிமிர்ந்து உட்காருகிறார். அவர் கேட்ட நியாயமான கேள்வி அது: “ஒரே ஊரில் தெருவுக்குத் தெரு பேச்சு மாறுகிறதே, எந்தத் தெருவை எழுதுவீர்கள்? எழுதினால் சாதி தெரியாதா?” தெரியும். இதற்கு என்னிடம் மொத்தப் பதில் இல்லை. அரக்கோணம் வேறு, திருப்பத்தூர் வேறு. பேரணாம்பட்டில் தெலுங்கு கலக்கும், ஆம்பூரில் உருது கலக்கும், காலைச் சாப்பாடு நாஷ்டா ஆகும். எல்லாத் தெருவும் எழுதட்டும் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் பெயர் போட்டு எழுதத் தயங்குகிறவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

எழுத்துக்கூட்டல் நிலையில்லை என்றார்கள். கீது, கீது, அதாவது இருக்கிறது. ‘கீது’ என்று எழுதிவிட்டேன், வேலை முடிந்தது. அடுத்தது.

கடைசியாக ஒன்று. எங்கள் அத்தை பீடி சுற்றுகிறவர். மடியில் முறம். இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்ட இரண்டு கையும் வேண்டும். அதனால் டைப் பண்ண மாட்டார், பேத்தி போனை வாயருகே பிடிக்க, குரல்பதிவுதான் அனுப்புவார். போன வருஷம் மாமா தவறிவிட்டார். குடும்பக் குழுவில் நான்தான் நாலு வரி எழுதினேன். ‘காலையில் வயலுக்குச் சென்று திரும்பியவர் எதிர்பாராத விதமாக இயற்கை எய்தினார்.’ பேத்தி அதை வாசித்துக் காட்டியதும் அத்தை கேட்டாராம்: “இது யாரப் பத்தி எழுதிகீது?”

அப்புறம் அவர் அனுப்பிய பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, ஒரு எழுத்தும் மாற்றாமல் டைப் பண்ணினேன். கீபோர்டு வரிக்கு வரி மறித்தது. ‘போகும்போது’ என்பதற்கு நாங்கள் சொல்லும் ‘போவசொல்ல’வை ‘போகச் சொல்ல’ என்று திருத்தியது. விடாமல் எழுதினேன். நடுவர் அனுமதித்தால் வாசிக்கிறேன்.

“காலில கயினிக்குப் போவசொல்ல நல்லாத்தான்டா போனாரு. திரும்பி வந்து திண்ணையில குந்தனாரு. ரவ தண்ணி குடுன்னாரு. நா சொம்பு எடுத்தாறசொல்ல செவுத்துல சாஞ்சிகினு கீறாரு. எம்மாங் கூப்டேன், கேக்கல. ஒரு வார்த்த சொல்லாத பூட்டாரு. இப்ப இம்மாம் பெரிய வூட்ல நா ஒண்டியா குந்திகினு கீறேன்.”

இதில் கடைசியில் வரும் ‘குந்திகினு கீறேன்’ என்பதை மட்டும் ‘அமர்ந்திருக்கிறேன்’ என்று மாற்றிப் பார்த்தேன். அத்தை யார் வீட்டு விசேஷத்துக்கோ போய் நாற்காலியில் அமர்ந்திருப்பது மாதிரி தெரிந்தது. அழித்துவிட்டேன்.

மணி அடிக்கிறார்கள். சரி சார், நான் குந்துறேன்.